லயத்து வீட்டை வரைந்து வைத்தல்: காட்சிக் குறிப்பேடும் வடசிலாங்கூர்த் தோட்டத் தமிழரும்

1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்ற 'மலேசி' என்ற நாவல் கோலசிலாங்கூர் மண்ணில் கருக்கொண்டது. அதை எழுதிய ஆன்ரி ஃபொகோன்னியே, 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்ட துரை. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக உருவான தென்னமரம் தோட்டத்துக்குப் பின்னாலும் அவர் பெயர் இருக்கிறது. பரிசு கிடைத்த மறு ஆண்டே, அவருடைய சகோதரர் சார்ல்ஸின் மரச்செதுக்குப் படங்களோடு நாவலின் இன்னொரு பதிப்பு வந்தது. ஆக, எழுத்தும் படமும் சேர்ந்த ஒரு பதிவு இந்த வட்டாரத் தோட்ட வாழ்க்கைக்கு 1930-களின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அது பங்களாத் தாழ்வாரத்திலிருந்து பார்த்து எழுதியது. தமிழ்த் தொழிலாளர்கள் அதில் நடமாடுகிறார்கள். தங்கள் கையால் ஒரு கோடும் போடவில்லை.

தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் போன குடும்பங்கள் பலவற்றில் இன்னும் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969-க்குப் பின் கட்டாயமான வேலை பெர்மிட், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா ரசீது, படக்கடையில் எடுத்த கல்யாணப் படம், தமிழ் நேசனில் வந்த மரண அறிவித்தல் எல்லாம் கிடக்கும். ஏறக்குறைய அத்தனையும் பிறர் எழுதியவை. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் போட்ட கோடுதான் பல பேருக்கு நாளேடு. அன்றைக்கு ஆள் வேலைக்கு வந்தாரா இல்லையா என்பதை அது சொல்லும். வராத நாளில் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

அந்தக் காகிதங்களோடு தங்கள் கோட்டையும் சொல்லையும் சேர்த்து வைக்க இந்த மக்களுக்கு ஏற்ற வடிவம் எது என்று யோசித்தால், கலப்பு ஊடகக் காட்சிக் குறிப்பேடுதான் என் நினைவுக்கு வருகிறது. படைப்புப் பட்டறைகளில் இப்போது அதிகம் பேசப்படும் வடிவம் இது. ஒரே பக்கத்தில் வரைவது, எழுதுவது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது, கிழிப்பது, தைப்பது எல்லாம் நடக்கும். முதல் நாள் எழுதியதன் மேல் மறுநாள் இன்னொரு படலம் ஏறும். தனிப் படைப்பாகச் சட்டம் போட்டு மாட்டுவது இதன் நோக்கமன்று. நகரத்து அங்காடிகளில் இதற்கென்று பூப்போட்ட ஒட்டுநாடா, அச்சடித்த ஸ்டிக்கர், ஆயத்தமாக வெட்டிய அலங்காரத் தாள் என்று ஒரு தனி வியாபாரமே நடக்கிறது. அவற்றால் பக்கம் அழகாகும். ஆனால் எல்லார் பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். தகரப் பெட்டி உள்ள வீட்டுக்கு அந்தக் கடைச்சரக்கு தேவையில்லை.

இவ்வடிவத்தின் வலிமையைக் காட்டும் உலக எடுத்துக்காட்டு சார்லொத்தே சாலொமோன். ஜெர்மானிய யூதப் பெண்ணான அவர் தெற்குப் பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, 1940-க்கும் 1942-க்கும் இடையில் தம் குடும்பக் கதையை நீர்வண்ணத் தாள்களாக வரைந்தார். அவற்றிலிருந்து அவர் தேர்ந்து அடுக்கியவை 769 தாள்கள். முற்பகுதித் தாள்களின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை வைத்து, உரையாடலையும் விவரிப்பையும் அதில் எழுதினார். படத்தை மறைக்காமல் சொல் அதன் மேல் மிதக்கும். 1943-இல் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார், தாள்கள் தப்பின. அந்த மெல்லிய மேல்தாள் ஒரு நல்ல உத்தி. பின்னால் அதைப் பயன்படுத்தப் போகிறேன்.

நம் பக்கத்தில் இதற்கு மரபில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவரும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவருமான கே. சி. எஸ். பணிக்கர், 1963-இல் ஆரம்பித்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்து, எண், கட்டம், ஜாதகச் சக்கரம் போன்றவற்றைத் கித்தானுக்குக் கொண்டு வந்தார். அதற்குத் தூண்டுதல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பணிக்கரின் கித்தானுக்கு வெகுகாலம் முன்பே நம் வீடுகளில் கோல நோட்டு இருந்தது. கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் புள்ளி. அதன் மேல் பேனாவால் வளைகோடு. ஓரத்தில் '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி' என்று குறிப்பு. இடையிடையே வார இதழிலிருந்து கத்தரித்து ஒட்டிய படிக்கோலம். யார் வீட்டு வாசலில் பார்த்தது, எந்தப் பொங்கலுக்குப் போட்டது என்ற ஒரு வரி. விரலோடு வந்த எண்ணெய்க் கறை. கோலத்தின் கணக்கு ஒழுங்கைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து 1974-இல் கணினி அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். அந்த நோட்டை வைத்திருந்த பெண்ணின் வாழ்க்கைப் பதிவாக அதைப் படித்தவர்கள் குறைவு. பட்டறைக்கு வரும் அம்மாவிடம் "எனக்கு வரைய வராதே" என்ற பேச்சு எழுந்தால் கோல நோட்டை எடுத்து வரச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இனி, தமிழுலகில் இந்தத் துறையின் முதன்மையான சான்றாக நான் கருதும் நூலுக்கு வருகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் உருவாக்கிய 'முற்றுப்பெறாத தோம்பு' 2011-இல் வெளிவந்தது. ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. தோம்பு என்பது இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்ட நிலப் பதிவேடு. போரினால் வீடிழந்த தமிழ் பேசும் மக்களிடம் சென்று, அவர்கள் விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்தே வரையச் சொன்னார் சனாதனன். அப்படிச் சேர்ந்தவை 80 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவர் கையால் போட்ட கோட்டுப்படம் உண்டு. அதையே கட்டடக்கலை வரைவாக அளவோடு போட்ட படம் உண்டு. வீட்டைப் பற்றி அவர் சொன்ன நினைவு உண்டு. அந்த நினைவுக்கு ஓவியர் உலர்வண்ணக் கட்டியால் தீட்டிய சித்திரமும் உண்டு.

இந்த அடுக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். நினைவிலிருந்து வீடு வரைகிறவர் கையில் அளவு பிசகும். அதிகம் புழங்கிய அறை பெருத்துவிடும்; கிணறு வீட்டுக்கு நெருங்கி வந்துவிடும்; ஒரு வாசல் விட்டுப்போகும். கட்டடக்கலை வரைவு அதையெல்லாம் நேராக்கிவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நேராக்கியதில் என்ன போயிற்று என்று கண்ணுக்குத் தெரியும். அரசாங்கப் பதிவேடு நிலத்தின் எல்லையையும் உடைமையையும் அறியும். இந்தத் தோம்பு அந்த வீட்டில் எப்படி நடந்தார்கள் என்பதை அறிகிறது. பதிவேட்டின் பெயரையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டு, பதிவேட்டால் முடியாததை அது செய்கிறது. 80 வீடு என்ற எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. ஒரு வீடு என்றால் அது ஒருவரின் துயரம். எண்பது வீடுகள் பக்கம் பக்கமாக வந்தால் ஊரே பெயர்ந்தது தெரியும். 2004-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அவர் வைத்த காட்சியும் இப்படிப்பட்டதுதான்: குடாநாட்டு வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த அன்றாடப் பொருள்களைச் சேர்த்து வைத்தார்.

வடசிலாங்கூரின் கதை யாழ்ப்பாணத்துக் கதையன்று. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் அநியாயம். இங்கே குண்டு விழவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, கம்பெனி கைமாறியது, தோட்டம் விற்கப்பட்டது, லயம் காலியானது. பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய 5 தோட்டத்து மக்கள் சொந்த வீடு கேட்டுப் பல்லாண்டு போராடியதை மலேசியத் தமிழர் அறிவர். தஞ்சோங் காராங் என்றதும் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கண்ணில் படுவது ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் நெல்வயலும் சுற்றுலாப் படங்களும்தான். அந்த வயலுக்குப் பின்னால் தோட்டங்கள் இருந்தன, இன்னும் சில இருக்கின்றன என்பது படத்தில் வராது.

இன்னொரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாழ்ப்பாணத்து வீடு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி; லயத்து வீடோ ஒரே அச்சு. கம்பெனி போட்ட அதே அஞ்சடித் தாழ்வாரம், அதே அறை, அதே குசினி. அப்படியானால் வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். அச்சு ஒன்றாக இருப்பதால்தான் வரைபடம் வேண்டும். ஒரே லயத்தில் இருந்த பத்துக் குடும்பத்தாரைத் தனித்தனியே வரையச் சொன்னால், ஒரே பெட்டியைப் பத்து விதமாக நிரப்பியிருப்பது தெரியவரும். ஒரு வீட்டில் பின்னால் தகரம் இறக்கிக் கட்டிய குளிக்கும் இடம் இருக்கும். ஒரு வீட்டில் கோழிக்கூடு. ஒரு வீட்டில் சாமிப்படத்துக்குப் பலகை. ஒரு வீட்டில் அண்ணன் அடுக்கி வைத்த சினிமாப் பாட்டுப் புத்தகம். ஒரு வீட்டில் பால் வாளியும் உளியும் சாத்தி வைக்கும் மூலை. கம்பெனியின் கட்டட வரைபடத்தில் இது எதுவும் இல்லை. தொழிலாளர் கட்டிக்கொண்ட வீடு இந்தக் கூடுதல்களில்தான் இருக்கிறது.

படப்பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயிலே சாட்சி. 1942-க்கும் 1945-க்கும் இடையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாக அங்கே மடிந்தார்கள். அதே பாதையில் வேலை செய்த ஆங்கிலேயப் போர்க்கைதி ரொனால்ட் சர்ல் திருட்டுத்தனமாக வரைந்தார்; காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஓவியங்களை ஒளித்து வைத்தார். தப்பிய ஏறத்தாழ 300 படங்கள் இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. உலகம் அந்த ரயிலைக் கைதிகளின் கண்ணால்தான் பார்க்கிறது. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதித் தமிழர் தரப்பைக் காப்பாற்றினார்கள். கோடு போட்டுக் காப்பாற்ற நமக்கு ஆள் இருக்கவில்லை.

வரைவது வெறும் அலங்காரமா, நினைவுக்கு உண்மையில் உதவுமா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ், மைரா பெர்னாண்டஸ் முதலியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில் தருகிறது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அது குறிக்கும் பொருளை வரைந்தவர்கள் பிறகு அதிகம் நினைவுகூர்ந்தார்கள். படம் நன்றாக வந்ததா என்பது பெரிய பொருட்டாக இல்லை. மன ஆறுதலைப் பற்றிய ஆய்வுகளைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடன் ஆய்வாளர்களும் 39 பேரை 45 நிமிடம் களிமண், பேனா, ஒட்டுப்படம் இவற்றில் ஈடுபட வைத்து, முன்னும் பின்னும் கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பை அளந்தார்கள். ஏறத்தாழ 75 விழுக்காட்டினருக்கு அது குறைந்தது. இந்த முக்கால்பங்கைத்தான் பட்டறை விளம்பரங்கள் எடுத்துச் சொல்கின்றன. மற்றவர்களுக்குக் குறையவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் சாண்ட்ரா பீலோடு சேர்ந்து வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், மனக்காயங்களை நான்கு நாள் தொடர்ந்து எழுதிய மாணவர்கள் எழுதி முடித்த உடனே சோர்ந்தே காணப்பட்டார்கள். பின்வந்த மாதங்களில்தான் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆகவே பட்டறை முடியும் மாலையில் எல்லார் முகத்திலும் சிரிப்பு இருந்ததா என்பது அளவுகோலாகாது. லயத்தை வரைகிற ஒரு பாட்டி அன்றிரவு தூங்காமல் கிடக்கவும் கூடும். நடத்துகிறவர் மறுநாள் காலையில் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இதனாலேயே ஒருநாள் பட்டறைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மட்டக்களப்பில் கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து மண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் விளையாடினார்கள். அவசரமில்லாத அந்த நடைதான் வேண்டும். தஞ்சோங் காராங்கில் இதைச் செய்வதானால் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ, வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று மாதமாவது நடக்க வேண்டும். பாட்டி தாத்தாவோடு பேரப்பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பேரன் மலாயில்தான் வேகமாக எழுதுவான் என்றால் மலாயில் எழுதட்டும். பாட்டி சொன்ன சொல்லை மட்டும் மாற்றாமல் தமிழில் எழுத வேண்டும். பெரட்டு, மங்கு, ஆயக்கொட்டகை, தண்டல் என்று வாய் சொல்லும்போது கை வேறு நாகரிகச் சொல்லைப் போட்டுவிடக் கூடாது.

ஒரு பக்கம் எப்படி உருவாகும் என்று சொல்கிறேன். கெட்டியான ஓவியத் தாளில், அப்பாவின் சம்பளச் சீட்டு நகலை முதலில் ஒட்டுகிறோம். காய்ந்ததும் தண்ணீர் கலந்த வெள்ளை அக்ரிலிக்கை அதன் மேல் மெல்லப் பூசுகிறோம். எழுத்து மங்கலாகும், முழுக்க மறையாது. அதன் மேல் பாட்டி பென்சிலால் லயத்து வீட்டை வரைகிறார்: முதலில் அஞ்சடி, பிறகு கதவு, பிறகு அவர் படுத்த இடம். பென்சில் கோடு உறுதியான பிறகு பேனா. ஓரத்தில் அவர் சொல்வதைப் பேரன் எழுதுகிறான். அடுத்த வாரம் பாட்டியின் தம்பி வருகிறார். பொதுக்குழாய் அந்தப் பக்கமில்லை, இந்தப் பக்கம் என்கிறார். பாட்டியின் கோட்டை அழிக்கக் கூடாது. ஒளி ஊடுருவும் தாள் ஒன்றை மேலே வைத்துத் தம்பி தன் குழாயை அதில் போடட்டும். சாலொமோன் தாள்களின் உத்தி இங்கே கைகொடுக்கிறது. நான்கு உடன்பிறந்தார் நான்கு மேல்தாள் போட்டால் ஒரே வீட்டுக்கு நான்கு நினைவு. எது சரி என்று பட்டறை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

பொருள் விஷயத்தில் கடற்கரைக் காற்றை மறக்கக் கூடாது. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் தாளில் பூசணம் பிடிக்கும். கஞ்சிப்பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலந்தது இதற்காகத்தான். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் மேசைக்கு ஆகாது. பள்ளிக்கூட வெள்ளைப் பசையே போதும். மூலப் பத்திரத்தை எக்காரணம் கொண்டும் ஒட்டக் கூடாது. நகல் எடுத்து ஒட்ட வேண்டும். நகலும் தூள் மை நகலாக இருக்கட்டும். வீட்டு அச்சுப்பொறியின் திரவ மை ஈரம் பட்டதும் கரைந்து ஓடும். செல்லோடேப் சில ஆண்டில் மஞ்சளாகிக் கழன்றுவிடும். கடை ரசீதுகளில் பெரும்பாலானவை வெப்பத்தாள். எழுத்து தானாக மறையும் முன் நகல் எடுத்துவிட வேண்டும். ரப்பர்ப்பாலையே பசையாகப் பூசலாமே என்று யாருக்கும் தோன்றும். அழகான எண்ணம்தான், ஆனால் அது நாளடைவில் பழுப்பேறி உதிரும். பழைய தோட்டத்தில் சிமெண்டுப் படியோ கோயில் திண்ணையோ இன்னும் நின்றால், மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வரலாம். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரையின் ரேகையை இப்படித்தான் தேய்த்தெடுத்துக் கலை உத்தியாக்கினார். படியின் சொரசொரப்பு அப்படியே பக்கத்துக்கு வந்துவிடும்.

உரிமை யாருடையது என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். நோட்டு எழுதியவருடையது. அடையாள அட்டை எண் தெரியும் நகலை ஒட்டினால் எண்ணை மறைத்துவிட்டே காட்சிக்கு வைக்க வேண்டும். கடன், குடி, அடிதடி, சாதிப் பேச்சு எல்லாம் லயத்துப் பக்கங்களில் வரும். அவற்றில் பேசப்படும் வீட்டாரில் பலர் இன்னும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். ஒருவர் தம் பக்கத்தை மடித்துத் தைத்து மூடிவிட விரும்பினால் மூடட்டும். வெளியாள் வந்து படமெடுத்துப் போட்டுத் தன் திட்ட அறிக்கையை நிரப்பிக்கொள்ள இதை விடக் கூடாது. மக்களைப் பற்றிப் பிறர் எழுதிய காகிதம் ஏற்கெனவே பெட்டி நிறைய இருக்கிறது.

காட்ட இசைந்த பக்கங்களுக்கு மட்டும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வைக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் பின்புறமும் பென்சிலால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து எண், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை குடியிருந்தார்கள் என்ற விவரம் எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் ராஜா மூசாத் தோட்டத்தில் இருந்தவர் வரைந்ததும் தென்னமரத்தில் இருந்தவர் வரைந்ததும் கலந்து போகாமல், ஒரே லயத்தின் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடியும். யாரை முதலில் அழைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செம்பனைக்கு முன் பால்மரம் சீவியவர்களை அழைக்க வேண்டும், அவர்களில் பெண்களை முதலில். பங்களாப் பக்கத்துக் காகிதத்தில் ஆண்களாவது பேராலும் எண்ணாலும் வருகிறார்கள். விடியுமுன் பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு நிரைக்குப் போன பெண்ணின் வீடு எந்தப் பதிவேட்டிலும் அவள் சொன்னபடி இல்லை. தாமான் வீட்டில் பிறந்த பிள்ளைகளின் நோட்டு அடுத்த சுற்றுக்கு வரட்டும்.